அங்கே எரிக்கலாம், இங்கே கூடாதா? சிமெண்ட் சூளை வழியே ஒரு குப்பைப் பாடம்

“சார், சிமெண்ட் ஃபேக்டரியில பிளாஸ்டிக்கைப் போட்டு எரிக்கிறாங்க. எங்க அப்பாதான் லோடு ஏத்திட்டுப் போறாரு. அங்க எரிக்கலாம்னா நாம மட்டும் ஏன் எரிக்கக் கூடாது?”

எட்டாம் வகுப்பில் காற்று மாசுபாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுப்பிய கேள்வி இது. ‘அது வேறு, இது வேறு’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் எப்படி வேறு என்று விளக்கப் புகுந்தால் எரிதல், வெப்பநிலை, அமிலம், காரம், கலோரி, சிதைவு வினை என்று பாதி அறிவியல் புத்தகமே அதற்குள் வந்துவிடுகிறது. எனவே அந்தக் கேள்வியையே ஆறு பாடவேளைகள் கொண்ட ஓர் அலகாக மாற்றினேன். வானவில் மன்ற நேரத்தையும் சேர்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் பணியாற்றுவது அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று இங்கே அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாகப் பல சிமெண்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணம். எங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் சுரங்கத்திலோ, ஆலையிலோ, லாரியிலோ வேலை பார்க்கிறார். ஆலையின் சங்கொலி கேட்டு நேரம் சொல்லும் பிள்ளைகளுக்கு அதன் உள்ளே நடப்பது என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாடநூலோடு தொடர்பு

இந்த அலகுக்குத் தனிப் பாடத்திட்டம் தேவையில்லை. ஆறாம் வகுப்பின் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ பாடத்தில் சிமெண்ட் வருகிறது. ஏழாம் வகுப்பில் பலபடிகள் வருகின்றன. எட்டாம் வகுப்பில் வெப்பமும் காற்றும் வருகின்றன. பத்தாம் வகுப்பில் வெப்பச் சிதைவுக்குக் கால்சியம் கார்பனேட்டே எடுத்துக்காட்டு. சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் கனிமங்களும் தொழிலகங்களும் உள்ளன. கணக்கு ஆசிரியருக்கு விகிதமும் சதவீதமும் கிடைக்கும். ஆகவே இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து எடுத்தால் இன்னும் சிறப்பு.

முதல் பாடவேளை: ஆலைக்குள் என்ன நடக்கிறது?

எங்கள் பள்ளியில் படித்து இப்போது ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் முன்னாள் மாணவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தேன். பிள்ளைகள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, அந்த உசரமான டவர்தான் புகைபோக்கியா?” ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த அடுக்குக் கோபுரம் ப்ரீஹீட்டர் என்றும், புகைபோக்கி அதன் பக்கத்தில் தனியாக நிற்கிறது என்றும் அவர் சொன்னார். அங்கிருந்து தொடங்கிக் கரும்பலகையில் படம் வரைந்தோம்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண் போன்ற பொருள்களையும் மாவாக அரைத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விடுகிறார்கள். கீழிருந்து சூளையின் சூடான வாயு மேலே வருகிறது. மாவு இறங்க இறங்கச் சூடாகிறது. கோபுரத்தின் அடியில் உள்ள கால்சினர் என்னும் கலத்தில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் சிதைந்து கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. அதன் பிறகு மாவு சுழலும் சூளைக்குள் நுழைகிறது. இது லேசாகச் சாய்த்து வைத்த, பல பத்து மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய். உட்புறம் தீச்செங்கல் பதித்திருக்கும். நிமிடத்துக்குச் சில சுற்றுகள் சுழலும். அதன் கீழ்முனையில் எரியும் சுடரின் வெப்பம் ஏறத்தாழ 2,000 டிகிரி. உள்ளே உருளும் பொருள் 1,450 டிகிரி வரை சூடாகிச் சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. அதுதான் கிளிங்கர். அதைக் குளிரவைத்து, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். அனல்மின் நிலையச் சாம்பலையும் சேர்த்து அரைத்தால் நம் வீடுகளுக்கு நாம் அதிகம் வாங்கும் பி.பி.சி. வகை சிமெண்ட்.

இரும்பு உருகும் வெப்பநிலை 1,538 டிகிரி என்று சொன்னதும் வகுப்பு வியந்தது. “அப்ப அந்தக் குழாயே உருகிடாதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். தீச்செங்கலின் வேலை என்ன என்பது அந்தக் கேள்வியிலிருந்தே விளங்கியது.

இவ்வளவு வெப்பத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரியும் பெட்ரோலியக் கோக்கும் எரிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்த, எரியக்கூடிய உலர்ந்த பகுதியைப் பயன்படுத்துகிறார்கள். மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக் உறைகள், கிழிந்த துணி, அட்டை, ரப்பர் ஆகியவற்றைத் துண்டாக்கிக் காயவைத்தது அது. ஆலையில் இதனை ஆர்.டி.எஃப். என்கிறார்கள். நாங்கள் வகுப்பில் ‘குப்பை எரிபொருள்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் சிமெண்ட் ஆலைகளின் வெப்பத் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இத்தகைய மாற்று எரிபொருள்களிலிருந்து வருகிறது. இந்தியாவில் அந்தப் பங்கு இன்னும் மிகக் குறைவு.

இரண்டாம் பாடவேளை: சூளைத் தீயும் தெருத் தீயும்

இனி மாணவனின் கேள்விக்கு வரலாம். முதலில் ஒரு எளிய சோதனை. மெழுகுவத்தியின் மஞ்சள் சுடருக்குள் ஓர் எவர்சில்வர் கரண்டியைச் சில விநாடி காட்டினால் அடியில் கரி படியும். சத்துணவுக் கூடத்தின் கேஸ் அடுப்பில் நீலச் சுடரில் காட்டினால் அப்படிப் படிவதில்லை. போதிய காற்று கலந்து எரிந்தால் முழுமையான எரிதல். காற்று போதாமல் எரிந்தால் கரியும் கார்பன் மோனாக்சைடும் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பில் பிளாஸ்டிக்கை எரித்துக் காட்ட வேண்டாம். மெழுகுவத்தியே போதும்.

அடுத்து, கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டோம். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதியவை இவை:

1. வெப்பநிலை: குவித்துக் கொளுத்திய குப்பையில் சூடு குறைவு, இடத்துக்கு இடம் மாறும். ஓரத்தில் புகைந்துகொண்டே இருக்கும். சூளையிலும் கால்சினரிலும் வெப்பம் உயர்ந்தது, ஏறத்தாழ மாறாதது.

2. நேரம்: தெருவில் எரியும்போது வாயு உடனே காற்றில் கலந்துவிடுகிறது. சூளை அமைப்பில் வாயு அந்தக் கடும் சூட்டிலேயே சில விநாடிகள் தங்குகிறது. சிக்கலான கரிமச் சேர்மங்கள் சிதைய அந்தச் சில விநாடிகள் தேவை.

3. சுண்ணாம்பு: பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். சூளைக்குள் சூடான சுண்ணாம்புத் தூள் நிறைந்திருப்பதால் அமில வாயுக்களின் பெரும்பகுதி அதனுடன் வினைபுரிந்து நடுநிலையாகிறது. லிட்மஸ் தாளும் சுண்ணாம்பு நீரும் வைத்து இதன் அடிப்படையைக் காட்டலாம்.

4. சாம்பல்: தெருவில் எரித்தால் சாம்பல் மண்ணில் கிடக்கும், மழையில் கரையும். சூளையில் சாம்பலிலுள்ள சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகியவை கிளிங்கரிலேயே சேர்ந்துவிடுகின்றன. தனியே கொட்ட வேண்டிய சாம்பல் இல்லை.

5. வடிகட்டியும் கண்காணிப்பும்: ஆலையில் வாயு தூசு வடிகட்டி வழியே போன பிறகே வெளியேறுகிறது. குப்பை எரிபொருள் பயன்படுத்தும் சிமெண்ட் ஆலைகளுக்கு 2016இல் மத்திய அரசு தனி வரம்புகளை விதித்தது. ஒரு கன மீட்டர் வாயுவில் தூசு 30 மில்லிகிராமுக்கும், டையாக்சின், ஃபியூரான் நச்சுகள் 0.1 நானோகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. தெருத் தீக்கு அளவுமில்லை, அளப்பவரும் இல்லை.

இத்துடன் சட்டத்தையும் சொன்னேன். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீட்டுத் தொகையும் குறித்தது.

இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்தினால் ‘ஆலை நல்லது, தெரு கெட்டது’ என்ற முடிவோடு பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். ஆகவே மறுபக்கத்தையும் சேர்த்தேன். பாதரசம் போன்ற எளிதில் ஆவியாகும் உலோகங்கள் கிளிங்கரில் தங்குவதில்லை. குளோரின் அதிகமானால் ப்ரீஹீட்டரில் உப்புப் படிந்து அடைப்பு ஏற்படும். வாயு மெல்லக் குளிர்ந்தால் 200 முதல் 450 டிகிரி வரையிலான இடைவெளியில் டையாக்சின் மீண்டும் உருவாகக்கூடும். தூசையும் சல்பர் டை ஆக்சைடையும் கருவி வைத்துத் தொடர்ந்து அளக்கலாம். டையாக்சினை அப்படி அளக்க முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சூளை நன்றாக வேலை செய்வது ஒரு பாதி. சூளைக்குள் என்ன போகிறது என்பது மறு பாதி. அந்த மறு பாதி நம் குப்பைத்தொட்டியில் தொடங்குகிறது.

மூன்றாம் பாடவேளை: மூன்று சாக்குகள்

ஒரு வாரம் பள்ளியில் சேர்ந்த உலர்ந்த குப்பையை ஒரு தார்ப்பாயில் கொட்டினோம். கையுறை அணிந்த மாணவர் குழுக்கள் அதை மூன்று சாக்குகளில் பிரித்தன.

முதல் சாக்கு, விலை போவது: தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டைப்பெட்டி, நோட்டுத்தாள், இரும்பு. இதைப் பழைய இரும்புக்கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். இதைச் சூளைக்கு அனுப்பினால் ஒரு பொருளை எரித்து வீணாக்கியதாகும்.

இரண்டாம் சாக்கு, விலை போகாதது, ஆனால் எரியக்கூடியது: பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு உறைகள், கிழிந்த பை, துணித்துண்டு. சிப்ஸ் உறையை வெட்டிப் பார்த்தால் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். பிளாஸ்டிக் அடுக்குகளோடு மெல்லிய அலுமினியமும் ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். சூளைக்கு ஏற்றது இதுதான். இத்தகைய கழிவின் ஒரு பகுதியைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய முறை அது. அதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மூன்றாம் சாக்கு, எரிக்கவே கூடாதது: பேட்டரி, குழல்விளக்கு, உடைந்த கண்ணாடி, பி.வி.சி. குழாய்த் துண்டு, மருந்து ஊசி, மின்னணுப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு.

‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று நம் பிள்ளைகள் நன்றாகவே சொல்வார்கள். மக்காததற்குள் இத்தனை வகை இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பிரித்தபோதுதான் உணர்ந்தார்கள். ஊராட்சியின் தூய்மைக் காவலர் ஒருவரை அன்று அழைத்திருந்தோம். அவர் சொன்னது: “பிரிச்சுக் குடுக்கலைன்னாகூடப் பரவாயில்ல சார், சோறு கொழம்போட சேத்துக் குடுக்காதீங்க. நாத்தம் புடிச்சுப் புழுத்தத நாங்க கையாலதான பிரிக்கணும்.” வகுப்பு அமைதியானது. நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைவிட அந்த இரண்டு வரிகள் ஆழமாகப் பதிந்தன.

நான்கு, ஐந்தாம் பாடவேளைகள்: ஈரம் தின்னும் வெப்பம்

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? சத்துணவுக் கூடத்திலிருந்து 100 கிராம் காய்கறித் தோலை எடுத்துத் தட்டில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தோம். மீண்டும் எடை போட்டபோது கால் பங்குகூட இல்லை. மீதி அத்தனையும் தண்ணீர்.

தண்ணீர் எரியாது. அதோடு, தான் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தையும் தீயிலிருந்து பறித்துக்கொள்ளும். 25 டிகிரியிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 75 கலோரி, ஆவியாக்க 540 கலோரி, ஆக ஏறத்தாழ 620 கலோரி வேண்டும். இதை வைத்து ஒரு கணக்கு. எண்கள் வகுப்புக்காக எளிமையாக்கப்பட்டவை.

கலந்த குப்பை 1 கிலோ: தண்ணீர் 500 கிராம், மண்ணும் கல்லும் 250 கிராம், எரியும் பொருள் 250 கிராம். எரியும் பொருள் ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி தந்தால் 1,000 கிலோகலோரி. தண்ணீர் எடுத்துக்கொள்வது 310. மிஞ்சுவது 690 கிலோகலோரி.

பிரித்துக் காயவைத்த குப்பை 1 கிலோ: தண்ணீர் 150 கிராம், சாம்பலாகும் பகுதி 100 கிராம், எரியும் பொருள் 750 கிராம். பிளாஸ்டிக் கலந்திருப்பதால் ஒரு கிராமுக்கு 5 கிலோகலோரி என்று கொண்டால் 3,750. தண்ணீர் எடுத்துக்கொள்வது 93. மிஞ்சுவது ஏறத்தாழ 3,650 கிலோகலோரி.

நம் நாட்டு நிலக்கரி ஒரு கிலோ ஏறத்தாழ 4,000 கிலோகலோரி தருகிறது என்று எடுத்துக்கொண்டால், பிரித்த குப்பை நிலக்கரிக்கு அருகில் வந்துவிடுகிறது. கலந்த குப்பை எட்டாத தொலைவில் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவை நிலத்தில் கொட்டக் கூடாது என்றன. குப்பை எரிபொருள் தயாரிக்கும் இடத்திலிருந்து 100 கி.மீ.க்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் 5 விழுக்காட்டையாவது அதிலிருந்து பெற வேண்டும் என்றும் கூறின. “690 பாஸாகல சார், 3,650 பாஸ்” என்று மாணவர்களே முடிவு சொன்னார்கள்.

அடுத்த கணக்கு சிமெண்ட் மூட்டை. ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ 750 கிலோகலோரி தேவை. 50 கிலோ பி.பி.சி. மூட்டையில் ஏறத்தாழ 65 விழுக்காடு, அதாவது 32.5 கிலோ கிளிங்கர் என்று கொண்டால் 24,400 கிலோகலோரி, அதாவது 6 கிலோ நிலக்கரி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை என்று கொத்தனார்கள் சொல்வார்கள். அந்த வெப்பத்தில் 5 விழுக்காட்டைக் குப்பையிலிருந்து பெற எவ்வளவு குப்பை வேண்டும்? ஏறத்தாழ 130 கிலோ என்று விடை வந்தது. புதுவீடு கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துப் பையன் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு ஒரு கூடுதல் கணக்கு: சென்னைக்கும் அரியலூருக்கும் இடையே ஏறத்தாழ 270 கி.மீ. ஒரு லாரி 10 டன் குப்பை எரிபொருளோடு போய் வர 540 கி.மீ. லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 135 லிட்டர் டீசல். லிட்டருக்கு 8,600 கிலோகலோரி என்று வைத்தால், பிரித்துக் காய்ந்த குப்பையின் வெப்பத்தில் 3 விழுக்காடு டீசலுக்கே போகிறது. கலந்த ஈரக் குப்பை என்றால் 17 விழுக்காடு போகும். பிரிக்காத குப்பையை ஏற்றிச் செல்லும் லாரி, பாதிக்குப் பாதி தண்ணீரைத்தான் சுமந்து செல்கிறது.

ஆறாம் பாடவேளை: விவாதம்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்தேன்: ஆலைத் தரப்பு, ஆலைக்கு அருகிலுள்ள ஊர்த் தரப்பு, குப்பையை உருவாக்கும் நகரத் தரப்பு. ஆலையில் வேலை செய்பவரின் பிள்ளை ஊர்த் தரப்பிலும், சாலையோரத்தில் வீடு உள்ள பிள்ளை ஆலைத் தரப்பிலும் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். சொந்த வீட்டுக்காக வாதாட வேண்டிய நெருக்கடி குழந்தைக்கு வரக் கூடாது. எந்த ஆலையின் பெயரையும் சொல்லாமல் பேசுவது என்றும் விதி வைத்துக்கொண்டோம்.

ஆலைத் தரப்பு, நிலக்கரி மிச்சமாகிறது, குப்பைமேடு குறைகிறது என்றது. சென்னை பெருங்குடியில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த குப்பைமேட்டை அகழ்ந்து பிரித்தபோது கிடைத்த எரியக்கூடிய பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டதை எடுத்துக்காட்டாகச் சொன்னது. ஊர்த் தரப்பு, “நகரத்துக் குப்பைக்கு எங்க ஊர் எதுக்குப் பதில் சொல்லணும்? லாரித் தூசி எங்க வீட்டுலதானே படியுது?” என்று கேட்டது. நகரத் தரப்பு முதலில் திணறியது. பிறகு, பிரித்துத் தருவது எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டது.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கொண்டுவந்த கருத்து விவாதத்தையே மாற்றியது. 100 கிராம் கால்சியம் கார்பனேட் சிதைந்தால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. இது எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்து வருவது. ஒரு கிலோ கிளிங்கருக்கு இவ்வாறு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சிமெண்ட் உற்பத்தியில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் இந்த வினையால்தான். நிலக்கரிக்குப் பதில் குப்பையைப் போட்டாலும் இந்தப் பகுதி மாறாது. மேலும், பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதான், அதை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். ஆகவே சூளை என்பது குப்பைக்குக் கடைசி வழிகளில் ஒன்றே தவிர, குப்பையைப் பெருக்குவதற்கான அனுமதி அல்ல. முதலில் குறைப்பது, பிறகு மீண்டும் பயன்படுத்துவது, பிறகு மறுசுழற்சி, அதற்கும் பிறகே சூளை. 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு விதிக்கப்பட்ட தடையும், மஞ்சப்பை இயக்கமும் அந்த முதல் படியைச் சேர்ந்தவை.

விவாதத்தின் முடிவில் ஒரு மாணவி எழுந்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு. புத்தகப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். “ஃபேக்டரி புகையை அளக்க ஒரு மிஷினாவது இருக்கு சார். நம்ம ஸ்கூலுக்குப் பின்னாடி சாயங்காலம் எரியுற புகையை யாரு அளக்குறா?” என்றாள். பல இடங்களைப் போல எங்கள் பள்ளியைச் சுற்றியும் சருகோடு உறைகளையும் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இருந்தது. அந்தக் கேள்வியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவளே பேசினாள்.

அதன் பின்னர் பள்ளியில்

சருகுக்கு மரத்தடியில் ஒரு குழி வெட்டப்பட்டது. சத்துணவுக் கூடக் கழிவும் அதில் சேர்கிறது. உறைகளுக்கு ஒவ்வொரு தளத்திலும் காலி சிமெண்ட் சாக்கு ஒன்று தொங்குகிறது. ‘துடைத்து, மடித்து, போடு’ என்று அதில் எழுதியவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் தூய்மைக் காவலர் எடுத்துச் செல்கிறார். ஊராட்சிக் கொட்டகையில் அது மற்ற உலர்ந்த கழிவோடு சேர்கிறது. விலை போகும் பொருளை விற்ற பணம் சுற்றுச்சூழல் மன்றக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பள்ளி வளாகத்தில் இப்போது தீ மூட்டுவதில்லை. தெருவில் இன்னும் சிலர் மூட்டுகிறார்கள். அதைப் பற்றி வீடுகளில் பேச்சு நடக்கிறது.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் வேதியியல் வேண்டாம். வகைப்படுத்துதலே போதும். கழுவிக் காயவைத்த உறை, பாட்டில், அட்டை, இலை ஆகியவற்றை நிறம், அளவு, பொருள் வாரியாகப் பிரிக்கச் செய்யலாம். கணக்கில் எண்ணவும் ஒப்பிடவும் பயன்படும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் ஈரத் துணியையும் உலர்ந்த துணியையும் தராசில் வைத்து ஒப்பிடலாம். ‘நான் ஒரு பிஸ்கட் உறை’ என்று தலைப்புத் தந்து தமிழ்ப் பாடவேளையில் கதை சொல்லச் செய்யலாம். உடைந்த கண்ணாடி, ஊசி, பேட்டரி ஆகியவை பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி ஆசிரியர் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும்.

சிமெண்ட் ஆலை இல்லாத ஊர்களில் இதே அலகைச் செங்கல் சூளை, உமி எரிக்கும் அரிசி ஆலை, கரும்புச் சக்கை எரிக்கும் சர்க்கரை ஆலை ஆகியவற்றைக் கொண்டு எடுக்கலாம். எது எரிகிறது, எவ்வளவு ஈரம், புகை எங்கே போகிறது, சாம்பல் எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளும் எங்கும் பொருந்தும்.

மதிப்பீட்டுக்கான கேள்விகள்

1. உங்கள் வகுப்பில் ஒரு நாளில் சேரும் உறைகளை எடை போட்டு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிடுக.
2. பால் கவரைச் சூளைக்கு அனுப்புவது சரியா? காரணம் கூறுக.
3. கலந்த குப்பையில் தண்ணீர் 500 கிராமுக்குப் பதில் 600 கிராம், எரியும் பொருள் 150 கிராம் என்றால் மிஞ்சும் வெப்பம் எவ்வளவு? அதைக் கொண்டு சூளையை எரிக்க முடியுமா?
4. நிலக்கரியை முழுவதும் நிறுத்தினாலும் சிமெண்ட் ஆலையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவருவது ஏன்?
5. உங்கள் ஊரில் குப்பை எரிப்பவர் ஒருவரிடம் மரியாதையாக எப்படிப் பேசுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.

மாணவர்கள் ஐந்தாவது கேள்விக்கு எழுதும் விடைகளைத் தவறாமல் வாசித்துப் பாருங்கள். பாடம் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அவற்றில் தெரியும்.